கழிவு போக ஒன்பது மூச்சு

அனுப்புநர்:
திருமதி சத்தியபாமா புவனேந்திரன்,
பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர்,
நாகமரத் தோட்டம், மேல் டிவிசன்,
ஹல்துமுல்லை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மூச்சு மருந்து உதவித் திட்டம்,
பிராந்திய அலுவலகம்,
பதுளை.

விடயம்: என் தங்கை கஜேந்திரன் விஜயலெட்சுமிக்கு வழங்கப்பட்டுவந்த மூச்சு மருந்தைத் திடீரென நிறுத்தியமை பற்றியும், எண்ணத் தேவையில்லாத இலகு கருவியை அவருக்கு மறுத்தமை பற்றியும் முறைப்பாடு

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மேசையில் மனுக்கள் குவிந்து கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். போன மாதம் அங்கு வந்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன். ஆகையால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். என் தங்கைக்கு மருந்தைத் திருப்பித் தாருங்கள். எண்ணி எண்ணி இழுக்கும் பழைய மெஷினில் வேண்டாம். வேளைக்கு ஒரு பொடிக் குப்பியைப் போட்டு இழுத்தால் முடிந்துவிடுகிற புதிய கருவியில் தாருங்கள். இதற்கு மேல் வாசிக்கத் தங்களுக்கு நேரமில்லாவிட்டாலும் கோரிக்கை இதுதான். நேரமிருந்தால் மீதியையும் வாசிக்கும்படி பணிவுடன் கேட்கிறேன். ஏனென்றால் தங்கள் கோப்பில் என் தங்கையின் பெயருக்கு நேரே "நோயாளியின் அலட்சியம்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை அழிக்கும்வரை நான் ஓயப்போவதில்லை.

2. விஜயலெட்சுமிக்கு வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தை விட்ட நாள் முதல் கொழுந்து பறிக்கிறாள். கணவர் கஜேந்திரன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். மாதம் ஒருமுறை வந்து போவார். மகள் பிறந்த பிறகு தங்கைக்குப் படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. உதடு நாவற்பழம் தின்றவளின் உதடு போலானது. இரத்தம் குறைவு என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அதையும் ஒரு வருடத்துக்கு மேல் விழுங்கினாள். பிறகு பதுளைக்குக் கொண்டுபோய்ப் படமெல்லாம் எடுத்துப் பார்த்தபோதுதான், இது நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தம் என்று மார்பு நோய் நிபுணர் சொன்னார். கையில் பட்டி கட்டிப் பார்க்கிற பிரஷர் வேறு, இது வேறு. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்கள் இறுகிப்போய், இரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் தவிக்கிற வியாதி. தாங்கள் அறியாததல்ல. என் தங்கை இன்றுவரை அதை "நெஞ்சுக்குழாய் பிரஷர்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் திருத்தவில்லை.

3. மாத்திரை மட்டும் போதாது என்று கண்டபோது, நிபுணரின் சிபாரிசில் தங்கள் திட்டம் மூச்சு மருந்து கொடுத்தது. அதற்கு நன்றி சொல்லாமல் குறை மட்டும் எழுதினால் என் வாய் அழுகிப்போகும். மருந்து பிடித்துக்கொண்ட பிறகு ஒருநாள், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற, மேட்டின் மேலிருக்கிற எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு மகளைக் கூட்டிப்போக வந்தவள், வாசலில் நின்று, "அக்கா, நடுவுல எங்கயும் ஒக்காராம வந்துட்டேன் பாத்தியா" என்றாள். நான் குழந்தைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். தாங்கள் கொடுத்தது எப்பேர்ப்பட்ட பொருள் என்பதை அன்று நான் பார்த்தேன். அதனால்தான் அதைப் பறித்தவிதம் எனக்கு இப்படி எரிகிறது.

4. அந்தப் பழைய மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் அளந்து ஊற்றி, மருந்துக் குப்பியை ஒடித்து ஊற்றி, மின்சாரத்தில் வைத்து, குழலை வாயில் கவ்வி, விளக்கு எரியும்போது இழுத்து, அணையும்போது விட்டு, ஒவ்வொன்றையும் மனதுக்குள் எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளை. ஒரு வேளைக்கு மூன்று மூச்சில் தொடங்கி, வாரங்கள் போகப் போகக் கூட்டி, ஒன்பதில் நிறுத்த வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் காற்றடித்தால் கரண்ட் போய்விடும். அப்போது அவள் மெஷினைத் துணியில் சுற்றிக்கொண்டு, கரண்ட் நிற்காத என் காம்பராவுக்கு வருவாள். இரண்டு வேளை மலையில் நிற்கும் நேரத்தில் வந்துவிடும். அதற்காகப் பற்றரி போட்டு, தேயிலைச் செடி மறைவில் உட்கார்ந்து இழுப்பாள். கங்காணி அதட்டினாலும் எழுந்திருக்க மாட்டாள். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. அலட்சியக்காரி செய்கிற வேலையா இது என்று தாங்களே சொல்லுங்கள்.

5. மெஷினைக் கையில் கொடுத்த நாளில் நானும் கூட இருந்தேன். நாங்கள் பண்டாரவளையில் இறங்கி வேறு பஸ் மாறிப் பதுளை கிளினிக்குக்கு வந்து சேரும்போதே வரிசை நீண்டிருந்தது. தாதி மிஸி ஒருவர் சிங்களத்தில் விளக்கினார். நல்ல பெண், பாவம், ஒரே நேரத்தில் ஆறேழு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் அச்சடித்த தாள் முடிந்துவிட்டது, அடுத்த முறை தருவோம் என்றார்கள். அந்த அடுத்த முறை இன்னும் வரவில்லை. தங்கை ஒரேயொரு கேள்வி கேட்டாள். "இழுக்கும்போது இருமல் வந்தா அந்த மூச்சு கணக்குல சேருமா மிஸி?" அதற்குக் கிடைத்த பதில், சரியாக எண்ணுங்கள் என்பது. அதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

6. இந்த இடத்தில் தங்களுக்கு எங்கள் கொழுந்து நிறுவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் என் தங்கை செய்தது விளங்காது. எங்கள் தோட்டத்தில் பறித்த கொழுந்தைத் தராசில் போட்டால், தராசு காட்டுகிற நிறை எங்கள் பேரில் விழாது. கூடைக்கு ஒரு கழிவு, முற்றின இலைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று வெட்டிவிட்டுத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். மழை நாளில் தண்ணிக் கழிவு இன்னும் கூடும். ஆகவே முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ வேண்டுமானால், சொன்ன நிறைக்கு மேலே கழிவுக்கும் சேர்த்துப் பறித்துப் போட வேண்டும். மழையென்றால் அதற்கும் மேலே போட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கூடை தூக்கிய முதல் வாரத்திலேயே முதுகுக்குத் தெரிந்துவிடும்.

7. என் தங்கை பாதி ஆயுளை அந்தத் தராசுக்கு முன்னால் கழித்தவள். ஓர் எண்ணிக்கையைச் சொன்னால் அதில் ஒரு பகுதி வெட்டுப்படும் என்பது அவளுக்கு இரத்தத்தில் ஊறியது. ஒன்பது மூச்சு என்றார்கள். இருமலில் கொஞ்சம் வீணாகும், குழலில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், ஆகவே உள்ளே ஒன்பது சேர வேண்டுமானால் கழிவுக்கு இரண்டு கூட்டி இழுக்க வேண்டும் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். மூன்று, நான்கு என்று இருந்த காலத்தில் அதனால் ஒன்றும் தெரியவில்லை. தலை கொஞ்சம் வலிக்கும், முகம் சிவக்கும், மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தோம். நானும்தான் நினைத்தேன்.

8. தீபாவளிக்கு முந்திய வாரம் விடாத மழை. ஈரத்தில் அவளுக்கு இருமல் கூடுதல். மழை நாள் கழிவு கூட அல்லவா, அன்று ஒன்பதோடு நான்கு சேர்த்து இழுத்திருக்கிறாள். சற்று நேரத்தில் தேயிலை நிரையின் நடுவே கூடையோடு சாய்ந்துவிட்டாள். பக்கத்து நிரைப் பெண்கள் கொழுந்துச் சாக்கில் வைத்துத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். லொறியொன்றை மறித்து ஏற்றினோம். இரத்த அழுத்தம் படுபாதாளத்துக்குப் போயிருந்தது என்று வார்டில் சொன்னார்கள். கொழும்பிலிருந்து கஜேந்திரன் வந்து சேரும்வரை உயிர் இருக்குமா என்று நான் பயந்தது உண்மை. பிழைத்துவிட்டாள்.

9. மறுநாள் மருந்தை எப்படி எடுத்தாய் என்று கேட்டார்கள். அவள் ஒளிக்கவில்லை. "ஒம்போது உள்ள போகணும்னா கழிவுக்கு ரெண்டு சேத்து இழுக்கணும்ல மிஸி. மழைன்னா நாலு" என்றாள். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கான பேச்சுத்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கள் திட்டத்தின் இணைப்பு உத்தியோகத்தர் திரு. கீர்த்திகன் அங்கேயே நின்று கோப்பில் எழுதினார். கழிவு என்று அவள் சொன்னதை எழுதவில்லை. அலட்சியம் என்று எழுதினார். அன்று மாலையே மெஷினை வாங்கிக்கொண்டார்கள். மருந்தைத் திடீரென்று ஒருபோதும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் முன்னிலும் மோசமாகத் திரும்பும் என்று நிபுணர் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். கூடுதலாக இழுத்தது ஆபத்து என்று எங்களைக் குற்றம் சொன்னவர்கள், ஒரேயடியாக நிறுத்துவதன் ஆபத்தை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

10. போன மாதம் நான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். திரு. கீர்த்திகன் என்னை உட்காரச் சொன்னார், மரியாதையாகத்தான் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இஞ்ச பாருங்கோ அக்கா, எண்ணிக்கை விளங்காத ஆளிட்ட இப்பிடியான மருந்தைக் குடுத்திட்டு நாங்கள் எப்பிடி நிம்மதியா இருக்கிறது? பழைய மெஷினை ஆறு மாதம் பிழையில்லாமல் பாவிச்சுக் காட்டட்டும். பிறகு புதுசைப் பற்றிக் கதைப்பம்." பழைய மெஷினைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்களே, எதை வைத்துக் காட்டுவது என்று கேட்டேன். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். மேலிடம் எது என்று கேட்டேன். தங்கள் கதவைக் காட்டினார். அந்தக் கதவு அன்று முழுவதும் சாத்தியே இருந்தது.

11. ஐயா, இந்த விதியைத் தாங்கள் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கஷ்டமான கருவியைப் பிழையில்லாமல் கையாளுகிறவர்களுக்கு இலகுவான கருவி. கையாள முடியாதவர்களுக்கு எதுவுமே இல்லை. பிழையில்லாமல் எண்ணத் தெரிந்தவருக்கு எண்ணத் தேவையில்லாத கருவி எதற்கு? என் காம்பராவில் நடக்கத் தெரிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தவழுகிற பிள்ளையை நடந்து வா என்று விட்டால், அன்றைக்கே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அது நியாயமும்தான்.

12. இந்த விதிகூட எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. கிளினிக் வரிசையில் எங்களுக்குப் பழக்கமானவர் பதுளை பஜாரில் புடைவைக் கடை வைத்திருக்கும் வாஹித் நானா. அவருக்கும் இதே வியாதி. அவரிடம் புதிய கருவி இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்குகிறது. எங்களுக்கு முன்னாலேயே ஒரு குப்பியைப் போட்டு இழுத்துவிட்டு, "இதுல எண்ண என்னா ஈக்கி தங்கச்சி? ஒன்னப் போடுற, இழுக்குற, முடிஞ்சி" என்று சொல்லிப் பிளேன்டீ குடிக்கப் போனார். கடையில் ஆள் வந்தால் மூச்சு எண்ணிக்கை தப்பிப்போகிறது என்று அவர் ஒருமுறை சொன்னாராம். அடுத்த கிளினிக்கிலேயே மாற்றிக் கொடுத்தார்களாம். அவர் மேல் எனக்குக் குறையில்லை. எங்கள் கதையைக் கேட்டுத் தம்முடைய பெட்டியிலிருந்து சில குப்பிகளை எடுத்து நீட்டிய மனிதர் அவர். நான் வாங்கவில்லை. அளவு தெரியாமல் எடுத்ததற்குத்தான் இவ்வளவும் நடந்தது. ஆனால் எண்ணிக்கை தப்புவது புடைவைக் கடையில் நடந்தால் கருவியை மாற்றுவதற்குக் காரணம், தேயிலை மலையில் நடந்தால் கருவியைப் பறிப்பதற்குக் காரணம் என்று எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது?

13. இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. தங்கள் அலுவலகத்துக்கு வந்த அதே நாளில் கிளினிக் மண்டபத்தைத் தாண்டி வந்தபோது, திரு. கீர்த்திகன் புதிய நோயாளர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தமிழில்தான், நிறுத்தி நிதானமாக. "சொன்ன எண்ணிக்கை சொன்னதுதான். இருமினாலும் கூட்டக் கூடாது. தோட்டத்தில ஒரு அக்கா கழிவு போட்டு இழுத்து மயங்கி விழுந்தவ, நீங்களும் அப்பிடிச் செய்யாதேங்கோ" என்றார். மண்டபம் சிரித்தது. நான் தூணோரம் நின்றேன். நல்ல வகுப்பு, ஐயா. வரவேண்டிய வகுப்பு. இருமினாலும் கூட்டக் கூடாது என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் என் தங்கை முதல் நாளே கேட்டாள். இப்போது எல்லாருக்கும் சொல்கிறீர்கள். அவள் விழுந்ததை வைத்து மற்றவர்கள் படிக்கிறார்கள், அவளுக்கு மட்டும் மருந்தில்லை.

14. அவளுடைய இன்றைய நிலை: லயத்திலிருந்து பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர முடியாது. தலையை உயர்த்தி வைக்காமல் படுக்க முடியாது. கால் மறுபடியும் வீங்கிவிட்டது. தோட்டம் வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை இன்னும் வெட்டவில்லை, எப்போது வெட்டும் என்று தெரியாது. மகளைக் கூட்டிப்போக மேட்டுக்கு ஏறி வர முடியாததால், வேலை முடிந்ததும் பிள்ளையை நானே கொண்டுபோய் விடுகிறேன். அம்மா ஏன் இப்போது வருவதில்லை என்று அது கேட்கிறது. அதற்குச் சொல்லக்கூடிய ஒரு பதிலைத் தங்கள் அலுவலகம் எழுதித் தந்தால் உதவியாக இருக்கும்.

15. ஆகவே தங்களிடம் கேட்பது: மார்பு நோய்ப் பிரிவில் இப்போது பொறுப்பாக இருக்கும் வைத்தியரைக் கொண்டு தங்கையைப் பரிசோதிப்பித்து, இந்தக் கிழமைக்குள்ளேயே மருந்தைத் தொடங்க வேண்டும். அதைப் புதிய கருவியிலேயே தர வேண்டும். அவளுக்கு மட்டுமல்ல, மலையிலும் மரக்கறித் தோட்டத்திலும் நின்று வேலை செய்துகொண்டே மருந்து இழுக்க வேண்டிய எல்லாருக்கும். வெலிமடையிலிருந்து வரும் இரண்டு பேரை நான் வரிசையில் பார்த்திருக்கிறேன், அவர்களும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் என்ன கூட்டுகிறார்கள், என்ன குறைக்கிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? ஆறு மாதம் பிழையில்லாமல் காட்ட வேண்டும் என்ற விதியை எடுத்துவிட வேண்டும். கோப்பிலிருந்து அலட்சியம் என்பதை அடித்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காததால் நேர்ந்தது என்று எழுத வேண்டும். அவளுடைய கதையை வகுப்பில் சொல்வதானால் சொல்லட்டும், நான் தடுக்கவில்லை. கடைசியில், அவளுக்கும் மருந்து திரும்பக் கொடுத்தோம் என்று சொல்லி முடிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

16. இந்த மனுவை அனுப்புமுன் தங்கையின் கட்டிலருகில் இருந்து வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "கீர்த்திகன் ஐயா பேரை எடுத்துரு அக்கா, அவரு பொழப்பு கெட்டுறப் போவுது" என்றாள். நான் எடுக்கவில்லை. பிறகு, தன் சார்பில் ஒன்று சேர்க்கும்படி சொன்னாள். அதையும் அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "மருந்து திருப்பிக் குடுத்தாங்கன்னா, எந்த மெஷின்ல குடுத்தாலும் சரி, இதுல கழிவு உண்டா இல்லையான்னு ஒரு வரி தமிழ்ல எழுதிக் குடுக்கச் சொல்லுக்கா. அப்புடியே எடுத்துக்கிறேன்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஐந்து தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கழிவு எதுவும் போடவில்லை.

பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எழுதவிருக்கும்,

(ஒப்பம்) சத்தியபாமா புவனேந்திரன்

இடம்: ஹல்துமுல்லை
திகதி: 2025.02.10